செல்வி டீக்கடை தாண்டி இடது பக்கம்

"இன்னாய்யா, பாலத்து மேல ஏறிக்கினு இருக்க?" என்றாள் தாட்சாயணி.

ஏழுமலைக்கு அப்போதுதான் உறைத்தது. வேன் பாதிப் பாலம் ஏறியிருந்தது. திருச்சானூருக்கு இறங்குகிற ரோடு இடது பக்கம் கீழே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"செல்வி கடை வரல," என்றான்.

"கடை எப்படிய்யா வரும்? நாமதான் அதுகிட்ட போவணும்."

நகரியிலிருந்து அந்த வழியாக வண்டி ஓட்டுகிற எவனும் அந்தத் திருப்பத்தில் போர்டைப் பார்த்துத் திரும்பியதில்லை. போர்டு திருப்பத்தைத் தாண்டி, பாலம் ஏறுகிற இடத்தில் நிற்கிறது. ரோடு போட்ட அன்றைக்கு யாரோ அங்கே நட்டார்கள். ரோடு கிழமாகி, தார் பெயர்ந்து, விளக்கெல்லாம் கண் மூடிய பிறகும் போர்டு மட்டும் அதே இடத்தில் பளபளவென்று நிற்கிறது. டிரைவர்களுக்கு அடையாளம் செல்வியின் டீக்கடைதான். நீலத் தார்ப்பாய், அதன் மேல் காயப்போட்ட ஏதாவது ஒரு புடவை. அதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் திருச்சானூர். யாமினியின் கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபத்துக்கு வழி அப்படித்தான் அச்சாகியிருந்தது: செல்வி டீக்கடை தாண்டி இடது பக்கம்.

இன்றைக்குத் தார்ப்பாயும் இல்லை, புடவையும் இல்லை. மொட்டை வெயில்தான் இருந்தது.

யாமினி, ஏழுமலையின் அக்கா கமலம்மாவின் மகள். கமலம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் அவர்கள் வீட்டில் பெண் மணவறை ஏறுவதில்லை. அந்தப் பட்டம் தாட்சாயணியின் மடியில், தட்டில், வெற்றிலைக்கு நடுவே மின்னிக்கொண்டிருந்தது. யாமினியின் காது குத்துக்கு இவன் வண்டி பஞ்சராகி லேட்டாகப் போய், பெண்ணை யாரோ ஒரு சித்தப்பன் மடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கே கமலம்மா இரண்டு வருஷம் பேசவில்லை. கல்யாணத்துக்கும் லேட் என்றால் இந்த ஜென்மத்துக்குப் பேசமாட்டாள்.

"ரிவர்ஸ் எடுக்கறேன்," என்றான் ஏழுமலை.

"பாலத்துலயா?"

"பின்ன, ஆகாசத்துலயா?"

பின்னால் சீர்த்தட்டு பிடித்திருந்த பெண்களெல்லாம் சாமி பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். வேன் நாலு முழம் பின்னால் நகர்ந்திருக்கும். ஒரு டிப்பர் லாரி ஊரையே எழுப்புகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. அதன் பின்னாலேயே ரோந்து ஜீப் வந்து நின்றது.

"ஏமய்யா, ஹைவேல ரிவர்ஸா? புத்தி இருக்கா?" என்றான் ஜீப்காரன்.

"போர்ட வெக்க வேண்டிய எடத்துல வெச்சிருந்தா நான் ஏன்யா ரிவர்ஸ் எடுக்கறேன்?"

"போர்டு எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

"ரிவர்ஸ் மட்டும் உன் டிபார்ட்மெண்டா?"

"முன்னால போ. டோல்கேட் தாண்டி யூ டர்ன் இருக்கு. இல்லன்னா வண்டியை ஓரங்கட்டு, சலான் போடறேன்."

முன்னால் போனான். பல்லைக் கடித்துக்கொண்டு போனான். வழியில் பள்ளம் வந்தது. போன மழைக்கு விழுந்த பள்ளம். அடுத்த மழைக்கும் காத்திருந்தது. தட்டிலிருந்து தேங்காய் உருண்டு சீட்டுக்கு அடியில் போனது.

டோல்கேட்டில் கம்பி மேலே எழவில்லை. மிஷின் கீச்கீச்சென்று கத்தியது.

"டேக் தெரியலண்ணா. பூவ எடுங்க," என்றாள் கூண்டுக்குள் இருந்த கல்பனா. கல்யாண வண்டி என்று கண்ணாடி முழுக்கச் சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். டோல் காசு பிடிக்கிற டேக் அதற்குள் ஒளிந்திருந்தது. ஏழுமலை இறங்கி மாலையை ஒதுக்கினான். ஒதுங்கவில்லை. இழுத்தான். மாலை அறுந்து பூவெல்லாம் டோல்கேட்டிலேயே கொட்டியது.

"நல்ல சகுனம்," என்றாள் தாட்சாயணி.

பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. அந்தச் சத்தத்தில் ஏழுமலைக்கு உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"காசு மட்டும் மிஷின் வெச்சு புடுங்கறீங்களே, ரோட்ட எவனாச்சும் வந்து பாக்கறானா? போன மாசம் இதே எடத்துல சாமியானா போட்டு, டிரைவருங்க கருத்து சொல்லுங்கன்னு கூப்ட்டீங்களே. நான் வந்தேன். மைக்கப் புடிச்சு சொன்னேன். வளைவுல ரோடு வெளிப்பக்கம் சாயுது, வண்டி கவுருதுன்னு சொன்னேன். நடுவுல அரளிச்செடி ஆள் உயரம் நிக்குது, மாடு குறுக்க வந்தா தெரியலன்னு சொன்னேன். இருட்டுல லாரிங்க லைட் இல்லாம ஓரத்துல நிக்குது, பின்னால போயி சொருவறோம்னு சொன்னேன். போர்டு தப்பான எடத்துல நிக்குதுன்னு தலபாடா அடிச்சிக்கினேன். தலைய தலைய ஆட்டிட்டு ஆளுக்கொரு புளியோதரை பொட்டலம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒண்ணாச்சும் செஞ்சீங்களா?"

"ஒண்ணு ரெண்டு செஞ்சிருக்காங்கண்ணா," என்றாள் கல்பனா.

"கிழிச்சாங்க."

"டேக் ரீட் ஆயிடுச்சு. போங்கண்ணா."

யூ டர்ன் போட்டு எதிர்ப்பக்கமாக வந்தான். எதிர்ப்பக்கமும் டோல்கேட் வழியாகத்தான். வரும்போது அந்தப் பக்கத்திலிருந்து திருச்சானூர் ரோடும் அதன் ஓரத்துக் கல்யாண மண்டபமும் நன்றாகத் தெரிந்தன. நடுவில் சுவர். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தபடியே ரொம்ப தூரம் தள்ளிப் போய் இன்னொரு யூ டர்ன் போட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தான்.

போன் அடித்தது. கமலம்மா.

"டேய் தம்பி, எங்கடா இருக்க? பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது."

"வந்துட்டேன் அக்கா. மண்டபம் கண்ணுக்கே தெரியுது."

பொய் இல்லை. ஒரு தடவை தெரிந்ததுதான்.

இந்தத் தடவை ஊர்ந்துதான் ஓட்டினான். கண்ணை அகல விரித்து, எந்த இடத்தில் கடை இருந்திருக்கும் என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லா மண்ணும் ஒரே மாதிரி இருந்தது. பின்னால் ஒரு கிரானைட் லாரி மேலே ஏறுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தது. விடாமல் ஹார்ன்.

"கொஞ்சம் சீக்கிரம் போய்யா, பின்னால பயமா இருக்குது," என்றாள் தாட்சாயணி. கொஞ்சம் மிதித்தான்.

"அதோ போர்டு! திருச்சானூர்னு போட்டிருக்குது பாரு!"

ஏழுமலை ஸ்டியரிங் மேல் ஒரு குத்து விட்டான்.

"போர்டு தெரிஞ்சா திருப்பத்த உட்டுட்டோம்னு அர்த்தம்டி."

வேன் பாலம் ஏறியது. அதே பள்ளம். சீட்டுக்கு அடியில் இருந்த தேங்காய் வெளியே வந்தது.

டோல்கேட்டில் கல்பனா எட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா அண்ணா?"

கேட்டைத் தாண்டி ஓரத்தில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக. மரத்தடியில் மாலையும் கழுத்துமாக ஒரு பையன் கையில் டீ கிளாஸோடு நின்றான். பார்த்தால் மாப்பிள்ளை யஸ்வந்த்.

வேனை ஓரங்கட்டி இறங்கினான். சத்தியவேட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு பஸ் அங்கே நின்றது. அதற்குப் பின்னால் மேளக்காரர்களின் வண்டி. ஐயர் பஸ் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் உட்டுட்டீங்களா?" என்றான் ஏழுமலை.

"மூணு தபா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா சின்னசாமி. "பத்திரிகையில டீக்கடைன்னு போட்டிருக்குது. எந்தக் கடைய பாத்து திரும்பறது? இந்த டோல்கேட்டு ஆளுங்களுக்கு நாங்க தெனமும் வர மாதிரி ஆயிப் போச்சு."

"முகூர்த்தம்?" என்றான் ஏழுமலை ஐயரைப் பார்த்து.

"இன்னும் அரை மணி இருக்கு," என்றார் ஐயர். "நான் இங்க இருக்கேன், மாப்பிள்ளை இங்க இருக்கான், மேளம் இங்க இருக்கு. உங்களை விட்டுட்டு அங்க என்ன நடக்கப் போறது?"

ஏழுமலைக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. கல் இறங்கிய இடத்தில் கோபம் ஏறிக்கொண்டது. அப்போதுதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். ஒரு மொபெட், அதன் பின்னால் கட்டிய பெரிய பிளாஸ்க். செல்வி.

"ஏம்மா செல்வி, கடை எங்க?"

"போன வாரம் ஜேசிபி கொண்டாந்து தள்ளிட்டாங்கண்ணா. அடுப்ப மட்டும் எடுத்துக்க உட்டாங்க. இப்ப இப்படி சுத்திக்கினு இருக்கறேன்."

"எதுக்கு தள்ளினாங்க? யாருக்கு நீ இன்னா கெடுதல் பண்ண?"

"யாரோ புகார் சொல்லிட்டாங்களாம்."

கூட்டம் மொத்தமும் செல்வியைச் சுற்றி வந்தது. ஏழுமலைக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் பரதேசி சொன்னான்? சோத்துக்கு உப்பு போட்டு துன்றவனா அவன்? ஒரு பொம்பள கஞ்சில மண்ண போட்டவன் ரோட்டுல நிம்மதியா வண்டி ஓட்டுவானா? இந்த ரோட்டுல இருந்த ஒரே நல்ல போர்டு அந்தக் கடைதான்யா!"

"கரெக்டு," என்றார் சின்னசாமி. "அவன சும்மா உடக்கூடாது."

"மாமா, பேசிக்கினு இருந்தா நேரம் போயிடும்," என்றான் மாப்பிள்ளை.

செல்வி கிளாஸ்களை வாங்கிக் கூடையில் போட்டாள். "நான் வண்டில முன்னால போயி, கடை இருந்த எடத்துலயே நிக்கறேன். இந்தப் புடவத் தலைப்ப தூக்கிப் புடிச்சுக்கறேன். என்னைத் தாண்டினதும் எல்லாரும் இடது பக்கம் ஒடிங்க. அப்பறம் தப்பாது."

எல்லாரும் ஓடிப்போய் வண்டி ஏறினார்கள். மேளக்காரர்கள் அப்போதே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். ஏழுமலை மட்டும் செல்வியின் மொபெட் பக்கத்திலேயே நின்றான். கண் கலங்கியிருந்தது.

"உன் வயித்துல எவனோ அடிச்சிருக்கான். அப்பவும் எங்க கல்யாணத்துக்கு நீ வழி காட்டற பாரு, இது பெரிய மனசும்மா. அவன் யாருன்னு மட்டும் சொல்லு. பட்டம் கட்டிட்டு நேரா அவன் வூட்டுக்குப் போறேன்."

"கல்யாணம் முடியட்டும்ணா, சொல்றேன்."

"இப்பவே சொல்லு. நான் பயப்படற ஆள் இல்ல."

செல்வி மொபெட்டை ஸ்டார்ட் செய்தாள். தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"லாரிங்க ஓரத்துல நிக்கறதே என் டீய குடிக்கத்தானாம், கடைய எடுத்துட்டா லாரி நிக்காதாம். டோல்கேட்டு கம்பெனி ஆபீசர் போன்ல வீடியோவே காட்டினாருண்ணா: சாமியானாவுல மைக்க உடாம கத்திக்கினு இருந்தது நீதான், கடைசில புளியோதரை வேற ரெண்டு பொட்டலம் கேட்டு வாங்கிக்கினு போன."