பெரியப்பாவை அகலமாக்கி அனுப்பிய கதை

குடும்பத்தில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டால், கரண்ட்டில் ஓடுகிற எல்லாமே அவள் பொறுப்பு என்பது எங்கள் சொந்தபந்தத்தின் சட்டம். ஆறு மாத டிப்ளமா முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் விவரம் டைப் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் மிக்ஸியைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் 'தெரியாது' என்று சொன்னதே இல்லை. (அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கள் இன்ஸ்டிடியூட்டில் சொல்லித்தரவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா இறந்துபோனார்.

வயிற்றில் கட்டி. கடைசியில் இளநீரும் கஞ்சித் தண்ணியும்தான் இறங்கியது. நிட்டிங் கம்பெனியில் நூல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் போட்ட மனுஷன், கட்டிலில் மடித்து வைத்த போர்வை மாதிரி கிடந்தார். ஒரே மகன் செல்வண்ணன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். "அப்பனுக்கு எப்படீம்மா இருக்குது?" என்று போனில் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா, "பரவால்ல சாமி, நீ வேலையப் பாரு" என்பார். அருகில் நிற்கிற நாங்கள் தரையைப் பார்ப்போம்.

சாவுக்கும் அண்ணனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில், லீவும் கிடையாது. கொள்ளிச்சட்டியை என் அப்பாதான் தூக்கினார். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பன் மொகத்த ஒருக்காப் பாக்கோணும். வீடியோ எடுத்து அனுப்புங்க."

எடுத்தோம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வருகிற அதே வீடியோக்காரர்தான் எழவுக்கும் வருவார். (உறவுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து, பழக்கதோஷத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.) எல்லாவற்றையும் டிவிடியில் போட்டுக் கொடுத்தார். ஆனால் அண்ணனின் அறையில் இருந்ததோ பழைய விசிடி பிளேயர். டிவிடியைப் போட்டால் அது துப்பிவிடும்.

"அதுக்கென்னங்க, கன்வெர்ட் பண்ணிட்டாப் போச்சு" என்றேன் நான். அதற்கு முன் எதையும் கன்வெர்ட் செய்ததில்லை.

குன்னத்தூர்க்காரர் ஒருவர் திங்கட்கிழமை மஸ்கட் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஆளில்லாத கம்பெனியில், சாம்பிள் பனியன் குவியலுக்கு நடுவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் தடவை, பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. இரண்டாவது தடவை முழுதாக மாறியது. ஆனால் சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். பெரியம்மா வாயைத் திறந்து கதறுகிறார், பறைச் சத்தம் வருகிறது. பறையடிப்பவர் கையை ஓங்குகிறார், "என்னை உட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று பெரியம்மாவின் குரல் வருகிறது. மூன்றாவது தடவை சத்தம் சரியாக இருந்தது. ஆனால் அது இலவச சாஃப்ட்வேர். 'காசு கட்டி வாங்கவும்' என்று இங்கிலீஷில் ஒரு முத்திரையைப் படம் முழுக்கக் குத்தியிருந்தது. பெரியப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயத்துக்கு மேலேயே வந்து நின்றது அந்த வாசகம்.

அப்போதுதான் அழுதேன். சாவு வீட்டில் டீ கொடுக்கவும் ஆளைக் கவனிக்கவும் ஓடிக்கொண்டிருந்ததில் வராத அழுகை, பனியன் குவியலுக்கு நடுவே வந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க புள்ள, ஆர்டர் கேன்சலாயிருச்சுங்களா?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறொரு சாஃப்ட்வேரை இறக்கினேன். அது ஒரு கேள்வி கேட்டது: படம் சாதாரணமாக வேண்டுமா, வைடு ஸ்கிரீனா? வைடு ஸ்கிரீன்தான் உசத்தி என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பாவுக்குச் சாதாரணமாகச் செய்ய மனசு வருமா? அதை அமுக்கினேன். வந்த படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு அசல் சினிமா மாதிரி இருந்தது. சத்தத்தில் சூடு பட்டிருந்ததால் எல்லோருடைய வாயையும் மட்டுமே உற்றுப் பார்த்தேன். வாயும் குரலும் ஒட்டிப் போயின. சிடியில் ஏற்றிக் குன்னத்தூர்க்காரரிடம் ஒப்படைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டான். பெரியம்மா செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாத்தேம்மா" என்றான். "அப்பன் மொகம் நல்லாத்தானம்மா இருக்குது? கன்னமெல்லாம் உப்பி, தோளெல்லாம் அகலமா... எலும்புந்தோலுமாப் போயிருப்பாருன்னு நெனச்சு நான் தூங்கவே இல்லீம்மா. நல்லா சோறு உண்டாரா?"

பெரியம்மா எங்களைப் பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உண்டாரு சாமி" என்றார். "கடைசி வரைக்கும் நல்லாத்தான் உண்டாரு."

போனை வைத்ததும், அதே படத்தை ஏற்றி நான் வைத்திருந்த இன்னொரு சிடியை அப்பா பிளேயரில் போட்டார். பட்டை இரண்டுக்கும் நடுவே படம் நசுங்கி, மனிதர்கள் பக்கவாட்டில் பிதுங்கிக் கிடந்தார்கள். பாடை கல்யாண மேடை அகலத்துக்கு இருந்தது. பெரியப்பா நல்ல சாப்பாடு சாப்பிட்டுப் படுத்தவர் போலிருந்தார். கொள்ளிச்சட்டியோடு ஒரு குண்டு மனிதர் நடந்து வந்தார்.

"இது ஆரு? எனக்கா இத்தாச்சோடு தொப்பை?" என்றார் அப்பா.

"தப்பான அளவ அமுக்கிட்டனுங்க பெரிம்மா. இன்னொன்னு சரியாப் போட்டு அனுப்பிடறேன்" என்றேன்.

"ஒண்ணும் அனுப்ப வேண்டாம் கண்ணு." பெரியம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் தூங்கட்டும்."

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் ஊருக்கு வந்தான். வேன் பிடித்துக் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கே எல்லோரும் போயிருந்தோம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க சித்தப்பா, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? சக்கரை வந்துருச்சுங்களா?" என்று அப்பாவைக் கேட்டான். அடுத்து என் அம்மாவைக் கேட்டான். வேனில் ஏறும்போது என்னைக் கேட்டான். "நீயுமா? வீடியோவுல அத்தன பூசுனாப்பல இருந்தியே."

அவிநாசி வருவதற்குள் அவன் பேச்சு நின்றுவிட்டது. அவனும் மெக்கானிக்தான். ஒருவர் இளைக்கலாம், வேன் நிறைய ஆட்கள் ஒன்றாக இளைப்பார்களா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சீட்டுக்குள் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மாவிடம், "நெசமானதக் குடும்மா" என்றான். அவர் மறுபேச்சுப் பேசாமல் டிவிடியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பறைச் சத்தம் வெளியே கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தான். அடிப்பான் என்றே நினைத்தேன்.

"நீ அனுப்புனதே நல்லா இருந்துச்சு கண்ணு" என்றான். பிறகு என் அப்பாவின் பக்கம் திரும்பி, "சித்தப்பாவுக்குத்தான் அந்தத் தொப்பை எடுப்பா இருந்துச்சு" என்றான். பெரியப்பா போனதிலிருந்து சிரிக்காத பெரியம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது காய்ச்சலில் கிடந்து மெலிந்து எழுந்தால், "அவகிட்டக் குடுங்க, ஒரே நாள்ல தேத்தி அனுப்பிருவா" என்பார்கள். என் கல்யாணத்தில் வீடியோக்காரரிடமிருந்து என்னை நாலடி தள்ளியே நிற்க வைத்தார்கள்.

விசிடி பிளேயர்களெல்லாம் ஒழிந்துபோன பிறகு, ஒருநாள் அண்ணன் அந்தச் சிடியைக் கொண்டுவந்து கொடுத்தான். போனில் பார்க்கிற மாதிரி மாற்றித்தர வேண்டுமாம்.

இப்போதுதான் எல்லாம் தெரியுமே என்ற தெம்பில், "அளவையும் சரி பண்ணிடட்டுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"அதுல மட்டும் கைய வெச்சராதே" என்றான்.