ஐஸ் வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தது

முதுகுளத்தூர்
12.5.2008

அன்புள்ள மாப்பிள்ளை செல்லச்சாமி அவர்களுக்கு மாமனார் உக்கிரபாண்டி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எடுத்த எடுப்பிலேயே பொய் எதற்கென்று விட்டுவிட்டேன். நீங்களும் சேதுலட்சுமியும் அந்த இங்கிலாந்தில் சுகமாக இருக்க வேண்டும்.

தை மாதம் நான் அங்கு வந்திருந்தபோது, நீங்கள் சமையல் வேலை பார்க்கும் பண்ணை மாளிகையின் தோட்டத்தில் ஒரு ஐஸ் வீட்டைக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? மண்மேட்டுக்குள் செங்கல் கட்டி, இரண்டு கதவு வைத்து, உள்ளே மூன்று ஆள் ஆழத்துக்குக் குழி. குளிர்காலத்தில் ஏரி ஐஸை வெட்டிவந்து, வைக்கோல் போட்டு மூடி, கோடை வரைக்கும் வைத்திருப்பார்களாம். நானும் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பழக்க தோஷத்தில் அந்தக் குழியைப் பார்த்து, "அப்ப நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். உள்ளேயிருந்து "ம்" என்று சத்தம் வந்தது. நீங்கள்தான் என்று நினைத்தேன். நீங்களோ வெளியே நின்று கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கப்புறம் நிதானமாகச் சொல்கிறீர்கள், அந்தக் காலத்தில் வேலையாள் ஒருவர் அதற்குள் விழுந்து, ஐஸ் கரைந்த பிறகுதான் கிடைத்தார் என்று. இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?

இப்போது கத்திரி வெயில். களத்தில் காயும் மிளகாயில், ஒரு ஆள் படுத்த அளவுக்கு மட்டும் நடுவில் ஈரமாகக் கிடக்கிறது. தள்ளிப் போட்டால் ஈரமும் தள்ளி வருகிறது, அதுவும் தினம் வீட்டுப் பக்கமாக. ஆடுகள் களத்துப் பக்கமே போக மாட்டேன் என்கின்றன. என் பாயில் ஈர வைக்கோல். உங்கள் அத்தை ராமலெட்சுமியிடம் சொன்னால், "ஊரே வெந்து சாகுது. நமக்கு இங்கன சும்மா குளுருது. பேசாமப் படுங்க" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. "வாரேன்" என்று கொடுத்த வாக்குக்கு ஆள் காத்திருக்கிறார்.

அதனால் நல்ல வெளிச்சத்தில் போய், முதல் கதவுக்கு வெளியிலேயே நின்று, "மாமாவுக்கு முடியல, வர மாட்டாக" என்று சொல்லிவிடுங்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வாய் தவறிக்கூட நீங்களும் சொல்லிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

குலசாமி துணையிருந்து உங்கள் இருவரையும் காக்கட்டும். சேதுவைக் குளிரில் அலைய விடாதீர்கள்.

இப்படிக்கு,
மாமா உக்கிரபாண்டி

பி.கு.: அங்கே போக வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. உச்சி வெயிலில் சொட்டச் சொட்ட நனைந்து, தலையெல்லாம் வைக்கோலோடு ஒருவர். நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். யாரென்று பார்க்காமலே உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து, "வாங்க, உள்ள வாங்க" என்றுவிட்டாள். வந்து உட்கார்ந்துவிட்டார். "சாப்புடுறீகளா?" என்று அவள் கேட்டதற்கு "ம்" என்றார், அதே குரல். "எப்பக் கெளம்புறீக?" என்று நான்தான் கேட்டேன். அவர் எழுந்து போய், வாசலில் கிடந்த என் செருப்பை எனக்கு வாகாகத் திருப்பி வைத்தார்.