வெள்ளவத்தை மணலில் நாலு குழி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிவானந்தனுடைய விறாந்தையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரரும் ஒழுங்கைச் சங்கத்தின் செயலாளருமான சிவானந்தன், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து இளைப்பாறிய அப்போதிக்கரி இரத்தினசிங்கம், பாரசீகக் குடாப் பக்கம் ஓர் எண்ணெய்க் கம்பனியில் ஆறு வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு வந்த நாகேந்திரம், தங்கள் பெயரை எதிலும் போடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்ட மூன்று அயலவர்கள், கதவுக்குப் பின்னால் சிவானந்தனின் மனைவி கனகேஸ்வரி, கூடவே மேசையில், மாநகர சபையிலிருந்து வந்த கடிதத்துக்குள், பெயரில்லாத ஒருவர்.

ஒழுங்கையின் கடற்கரை முனையில் கிடக்கும் மணற்காணி ஒருவருக்கும் பயன்படாமல் இருக்கிறது என்று ‘ஒரு நலன்விரும்பி’ சபைக்கு எழுதியிருந்தார். குப்பை கொட்ட அதைவிட நல்ல இடம் இரத்மலானை வரை தேடினாலும் கிடையாதாம். குடியிருப்பவர்கள் அங்கே விளையாடுகிறார்கள் என்று நேரில் கண்டால் மட்டும் காணியை அவர்களுக்கு விடுவதாகச் சபை சொல்லியிருந்தது. பதின்மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு துரை பார்க்க வருவார்.

“மொட்டைப் பெட்டிசம்,” என்றார் சிவானந்தன். “எழுதினவன் என்ர கையில அம்பிட்டானெண்டால், டைப் அடிச்ச விரலை முறிக்காமல் விடமாட்டன்.”

ஒழுங்கையில் பதினொரு பங்களாக்கள். எல்லாவற்றிலும் மோட்டார்க் கொட்டில், கிராதி வைத்த விறாந்தை, பளபளக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை. காணியில் மட்டும் புல்கூட முளைக்காது. அதற்குப் பெயரே பாலைவனம். அதன் விளிம்பிலிருந்து சிவானந்தனின் குசினி யன்னலுக்குப் பதினான்கு எட்டு நடைதான். பங்குனியில் அவருடைய மகள் அருள்நாயகியைப் பார்க்கக் கொக்குவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

“குப்பை மேட்டைச் சுத்திக்கொண்டு வந்தே அவை பொம்பிளை பாக்கிறது?” என்றாள் கனகேஸ்வரி கதவுக்குப் பின்னாலிருந்து. “மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவினம்.”

என்ன விளையாடுவது என்று கதைத்தார்கள். கிரிக்கெட் என்றால் யன்னல் கண்ணாடி உடையும். டென்னிஸ் பந்து மணலில் எழும்பாது. ஓடுகிற விளையாட்டு எதுவும் கூடாது என்று அப்போதிக்கரி மருத்துவக் காரணம் சொல்லித் தடுத்தார்.

நாகேந்திரம் மேசையில் கிடந்த கடிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் மூன்று தரம் அவர் கொல்ஃப் விளையாட்டைப் பற்றிச் சங்கத்தில் பேசியிருந்தார். மூன்று தரமும் ‘சிரிப்புடன் நிராகரிக்கப்பட்டது’ என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதியவர் சிவானந்தன்தான்.

“நாகேந்திரண்ணை, உங்கட அந்த விளையாட்டுக்குப் புல்லு வேணுமெல்லே?” என்றார் சிவானந்தன்.

“கம்பனி ஊரில ஏது புல்லு? பாக்கிற இடமெல்லாம் பாலைவனம். அதுக்குள்ள துரைமாருக்குப் பங்களா, நீச்சல் குளம், டென்னிஸ், குதிரை, எல்லாம் இருந்தது. கொல்ஃப் அடிக்கிறது மணலிலதான். எண்ணெய் ஊத்தி, குழியைச் சுத்தி மணலை வட்டமா இறுக்கிறது. பந்தை ஒரு சின்னப் பாயில வைச்சு அடிக்கிறது.”

“நீங்களும் அடிச்சனீங்களோ?”

“ஓம். கிளாக்கர்மாருக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணித்தியாலம் விட்டவை. துரைமார் நித்திரை கொள்ளுற நேரம். வெயில் நூற்றிப் பதினைஞ்சு பாகை.”

“அந்த வெயிலுக்குள்ளயோ?”

“வேறை நேரம் தரேல்லையே.”

அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. கொதிக்கிற மணலில் ஆறு வருஷம் பந்தின் பின்னால் நடந்த மனிதரைச் சிவானந்தன் அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் காலையே நாகேந்திரம் மூன்று மட்டைகள், ஆறு பந்துகள், இலக்கம் தைத்துக் கஞ்சி போட்ட நாலு கொடிகள், குழிக்குள் இறக்க நாலு தகரப் பால் ரின்கள் ஆகியவற்றுடன் வந்து நின்றார். கொடிகளின் மடிப்பு மஞ்சளித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் மஜீட் நானாவின் லொறி வந்தது. அதில் இரண்டு பீப்பாய் கழிவெண்ணெய்.

“எங்க ஊத்தோணும் செல்லுங்க ஐயா. நீங்க போன மாசம் செல்லி வெச்ச எண்ணெதான் இது,” என்றார் மஜீட் நாகேந்திரத்திடம்.

கடிதம் வந்தது இந்த மாதம். இவர் போன மாதமே எண்ணெய்க்குச் சொல்லியிருக்கிறார். என்ன முன்யோசனை என்று சிவானந்தன் வியந்து போனார்.

எண்ணெய் ஊற்றிய இடம் நன்றாகத்தான் இறுகியது. பிரச்சினை கால்களால் வந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுவதும் கறுப்புக் காலடிகள்.

“இஞ்சாருங்கோ, சாமியறைக்குள்ள ஒரு காலடி போய்த் திரும்பி வந்திருக்கு,” என்றாள் கனகேஸ்வரி.

“கண்ணன் வந்தவனாக்கும்.”

“கண்ணன் குழந்தைப்பிள்ளை. இது பெருவிரல் வளைஞ்ச கால். உங்கட கால்.”

எல்லோரும் சப்பாத்துப் போடவேண்டும் என்று சிவானந்தன் உத்தரவிட்டார். வேட்டிக்குக் கீழே சப்பாத்துடன் நாலைந்து பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். அவர்களின் குதிகள் கறுப்பு வட்டங்களைக் கொத்திவிட்டன. பீப்பாயை உருட்டிச் சமப்படுத்தினார்கள். அந்த அதிர்ச்சியிலோ எண்ணெய் நாற்றத்திலோ வட்டத்துக்குக் கீழே குடியிருந்த நண்டுகள் கிளம்பி, காணியின் மிச்சப் பகுதி முழுவதையும் வளை வளையாகத் தோண்டிவிட்டன.

பரீட்சார்த்தமாக உருட்டிப் பார்த்த நாலு பந்துகளும் நாலு வளைகளுக்குள் போயின. ஒன்றை எடுக்க அப்போதிக்கரி முழங்கை வரை கையை விட்டார். வந்தது பந்து அல்ல. அது அவருடைய சுட்டுவிரலை இலேசில் விடவும் இல்லை.

“நாலு குழி எண்டு சொன்னியள்,” என்றார் விரலை உதறிக்கொண்டு. “நான் நானூறு வரைக்கும் எண்ணிப்போட்டன்.”

“பதறாதையுங்கோ,” என்றார் நாகேந்திரம். “அங்கை பல்லியும் பாம்பும் தோண்டினது. அதுக்கும் நாங்கள் விளையாட்டை நிப்பாட்டேல்லை.”

அடுத்த வாரம், துரை வரும் நாள் நெருங்கியபோது, ஒழுங்கையைக் கூட்டும் வெள்ளையம்மாவைச் சிவானந்தன் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை விடிய எழும்பி, துரை வாறதுக்கு முதல், மணலில உள்ள ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுவிடவேணும். ஒண்டும் மிஞ்சக்கூடாது.”

“ஒண்ணுகூட மிஞ்சாதுங்க ஐயா.”

சனிக்கிழமைக்கு அப்போதிக்கரி பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தார். ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம். எட்டரைக்குத் தேங்காய் உடைத்து முதல் அடி அடித்துவிட்டால், பிறகு துரை எப்போது வந்தாலும் தோஷமில்லை.

எட்டேகாலுக்குத் தேங்காயுடன் எல்லோரும் மணலுக்கு வந்தார்கள். வெள்ளையம்மா சொன்ன சொல் காத்திருந்தாள். ஒரு வளை மிச்சமில்லை. நாலு பால் ரின்களும்கூட மணலால் நிரப்பப்பட்டு, மேலே தட்டி இறுக்கப்பட்டிருந்தன. ஒழுங்கை வாசலில் கொடிகள் ஒரு கட்டாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. துரை வருகிறார் என்பதற்காகக் கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றிலும் அரிசிமாவால் பெரிய கோலம்.

“எங்கேயடி குழி?” என்றார் சிவானந்தன்.

“அடைச்சாச்சுங்க. அந்த நாலும் பெரிய நண்டுங்க போல. வளைக்குள்ள தகரமே வச்சிருந்துச்சு.”

கரண்டியாலும் கையாலும் ரின்களைத் தேடித் தோண்டினார்கள். நாலாவது ரின்னின் மணலையும் அள்ளிக் கொடியை நட்டபோது அப்போதிக்கரி சங்கிலிக் கடிகாரத்தைப் பார்த்து, “ஒன்பதடிச்சு ஒரு நிமிஷம்,” என்றார். அதே நேரம் ஒழுங்கை முனையில் துரையின் கார் திரும்பியது.

துரை உயரமான, தூக்கம் கலையாத மனிதர். பின்னால் கோப்புகளைச் சுமந்துகொண்டு பியூன் நிக்கலஸ். அவர்கள் இறங்கியதும் நாகேந்திரம் தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு, தொலைவில் இருந்த நாலாம் குழிக்கு நடந்து போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவையும் செய்துவிட்டுப் புகழுக்கு முன்னால் நிற்காத மனிதர் என்று சிவானந்தன் நெகிழ்ந்தார்.

“விளையாடுங்கள்,” என்றார் துரை இங்கிலிசில்.

ஒருவரும் அசையவில்லை.

“நீங்கள் அடியுங்கோ,” என்று சிவானந்தன் அப்போதிக்கரியின் காதுக்குள் சொன்னார்.

“பத்தரை வரைக்கும் நான் மட்டையைத் தொடன்,” என்றார் அப்போதிக்கரி. “நீர்தானே செயலாளர், நீர் அடியும்.”

“எனக்குக் கலியாணத்துக்கு ஒரு குமர் இருக்கு. ராகுகாலத்தில அடிச்சுப்போட்டுக் கொக்குவிலாரின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

மற்ற மூவரும் தங்கள் பெயரே அங்கே இல்லை என்றார்கள்.

ஆகவே அவர்கள் விளையாட்டுக்கு முந்திய வேலைகளைச் செய்தார்கள். பாயை விரித்தார்கள். சுருட்டினார்கள். வேறு பக்கமாக விரித்தார்கள். பாயாக உதவிய கனகேஸ்வரியின் வாசற்கால்மிதி இரண்டு தரம் தட்டப்பட்டது. அப்போதிக்கரி பந்து இல்லாமல் காற்றை ஏழு தரம் அடித்தார். ஒரு ரயில் களுத்துறைப் பக்கம் போனது. இன்னொன்று கோட்டைக்குத் திரும்பியது. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

“இங்கே விளையாட்டு நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை,” என்றார். நிக்கலஸ் கோப்பைத் திறந்து பேனாவை நீட்டினான்.

சிவானந்தனுக்குக் குசினி யன்னல் கண்ணுக்குள் வந்தது. அதற்கு வெளியே பதினான்கு எட்டில் குப்பை மலை. மூக்கைப் பொத்திய கொக்குவிலார்.

வெறும் பீப்பாய்களை ஏற்ற வந்த மஜீட் அப்போதுதான் லொறியிலிருந்து இறங்கினார்.

“மஜீட் நானா,” என்று சிவானந்தன் ஓடினார். “உங்களுக்கு ராகுகாலம் இல்லைத்தானே?”

“எங்களுக்கு ஏது ஐயா அது?”

“அப்ப இந்தப் பந்துக்கு ஒண்டு போடுங்கோ.”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை.”

மஜீட் சாரத்தை மடித்துக் கட்டினார். மட்டையை லொறி ஸ்டார்ட் பண்ணும் கம்பியைப்போல் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. பந்து பீப்பாயில் டங்கென்று மோதி, திரும்பி உருண்டு, முதலாம் வட்டத்தின் கோலத்துக்கு நடுவே, குழிக்கு நாலடி தள்ளி நின்றது.

துரை பேனாவை வாங்கவில்லை. பந்தைப் பார்த்தார், கறுப்பு வட்டத்தைப் பார்த்தார், குனிந்து எண்ணெய் மணலை விரலால் தேய்த்து மோந்தார்.

“பக்தாத்தில் சண்டைக்காலத்தில் இதில்தான் ஆடினோம்,” என்றார். “இருபது வருஷம் இருக்கும்.”

கோட்டைக் கழற்றி நிக்கலஸிடம் கொடுத்தார். வெள்ளையம்மாவிடம் ஈர்க்கு விளக்குமாற்றால் கோல இழைகளுக்கு நடுவே ஒரு பாதை கூட்டச் சொன்னார். மட்டையை வாங்கி மெதுவாகத் தட்டினார்; கோலத்தின் ஒரு புள்ளியை மட்டும் அழித்துக்கொண்டு பந்து ரின்னுக்குள் விழுந்தது. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பத்தரைக்கு ராகு போனதும் மற்றவர்களும் தேங்காயை உடைத்துவிட்டு இறங்கினார்கள். அப்போதிக்கரி தன் வாழ்நாளின் முதல் பந்தை மூன்றாம் குழிக்குள் விழுத்திவிட்டு, நண்டு கடித்த விரலை ஊருக்கே உயர்த்திக் காட்டினார். பெயர் வேண்டாம் என்ற மூவரும் தங்கள் பெயரை ஆட்டக் கணக்கில் எழுதச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள்.

பதினொன்றரைக்குத் துரை கோட்டைப் போட்டார். “எண்ணெய் இன்னும் சரியாகக் காயவில்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டு, காணி குடியிருப்பாளரின் விளையாட்டிடம் என்று கையெழுத்திட்டார். “இதை அமைத்தவர் யார்?”

சிவானந்தன் நாலாம் குழியைக் காட்டினார். தொப்பிக்குக் கீழே நாகேந்திரம் தூரத்திலிருந்தே தலையை அசைத்தார். அவரைப்போல ஒரு மனிதர் ஒழுங்கைக்குக் கிடைத்தது தாங்கள் செய்த புண்ணியம் என்று சிவானந்தன் நினைத்தார். இனி மிச்சம் ஒரே ஒரு வேலை. அவர் நிக்கலஸை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“தம்பி, அந்த மொட்டைப் பெட்டிசத்தில கையெழுத்து ஏதும் இருக்கோ? ஆளைக் கண்டுபிடிக்கவேணும்.”

நாலாம் கொடி பிடுங்கப்பட்டது. நாகேந்திரம் அதை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்து, அவசரமே இல்லாமல் எதிரே இருந்த தன் வீட்டுக்கு நடந்தார். படியில் சப்பாத்து எண்ணெயை நன்றாகத் துடைத்தார்.

“கையெழுத்து இல்ல, ஐயா,” என்றான் நிக்கலஸ். “ஆனா அது தபால்ல வரல்ல. அந்தா படியேறுறாரே, அவர்தான் போன மாசம் கையில கொண்டுவந்து குடுத்தார். நான் சீல் குத்துற வரைக்கும் நிண்டு, ‘கவனம் தம்பி, சிரிச்சுச் சிரிச்சே ரெண்டு வருஷமாத் தள்ளிப்போட்ட அலுவல் இது’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

நாகேந்திரத்தின் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் சுழன்றது.