எலுமிச்சைச் செடியை ஒழிக்க ஓர் எளிய வழி

பால்கனியில் என் சாய்வு நாற்காலியைப் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு. குறுக்கே நின்றது மனைவி புதிதாக வாங்கி வைத்த எலுமிச்சைத் தொட்டி. எடு என்றால் எடுப்பாளா? அதனால் கேட்கவில்லை.

தளிரில் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாய் ஏதோ தெரிந்தது. நான் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். கண்ணில் மாட்டும் லென்ஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மாட்டிப் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சி முட்டைகள்! புழு வரும், செடியை மொட்டையடிக்கும், தொட்டி தானாகக் கிளம்பும். பழி என் மேல் விழாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் புழுக்கள் வந்தன. வந்ததும் முட்டை ஓட்டைத் தின்றன. அப்புறம் இலை. பார்க்க அச்சு அசல் காக்கை எச்சம். எந்தக் குருவி கொத்தும்? நாலு தடவை தோலுரித்ததும் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டன. ஒன்றைத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது பாருங்கள், அசந்துபோனேன். இவற்றைப் பார்த்துக்கொண்டே நின்று, என் கடிகாரக் கடைக்குத் தினமும் லேட்டாகப் போனேன்.

திட்டப்படியே செடி வெறும் குச்சியாயிற்று. ஆனால் புழுக்களோ பசியோடு அந்தக் குச்சியில் ஏறி இறங்கின. சமையலறைக்கு ஓடினேன். முட்டைக்கோஸ் வைத்தேன். கீரை வைத்தேன். சீந்தவில்லை.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள்.

"அதுக எலுமிச்சை ஜாதியைத் தவிர வேற எதையும் தொடாதுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாவம், பட்டினியிலேயே செத்துடும்," என்றாள்.

தெருமுனைச் செடிக்கடைக்கு ஓடிப்போய் இரண்டு எலுமிச்சைத் தொட்டி வாங்கி வந்தேன். இடம் போதவில்லை. பால்கனிக்காகக் காத்திருந்த நாற்காலியை நானே மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

தின்று கொழுத்தவை இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயின. பத்தாம் நாள் கறுப்பும் மஞ்சளுமாய் ஒன்று வெளியே வந்து சிறகை உலர்த்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

"இனிமே இது இலை தின்னாது, தேன்தானே குடிக்கும்? நம்ம பால்கனியில ஒரு பூகூட இல்லையேங்க," என்றாள் மனைவி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அதே செடிக்கடையில் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் நாலு பூந்தொட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

"போன மாசம் உங்க வீட்டம்மா முட்டை இருக்கிற எலுமிச்சையாப் பார்த்து வாங்கினப்பவே சொல்லிட்டாங்க சார், பூச்செடிக்கு நீங்களே வருவீங்கன்னு."