பூஞ்சை பிடித்த வயலின்

வயலினில் அபஸ்வரம் வாசித்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். மேடையேறி, வியர்க்க விறுவிறுக்க வாசித்து, ஒரு பொட்டுச் சத்தம்கூட வரவழைக்காதவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

ஆம்பூரில் நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் திடீரென்று ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்தார்கள். பத்து வயலின், ஒரு கீபோர்டு, சனிக்கிழமைதோறும் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் சார் ஒருவர். வில்லின் முடியில் பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் அது கம்பியைப் பற்றும், அந்த வெள்ளைப் பொடியைத் துடைக்கவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொன்னாராம். நான் அப்போது ஜன்னல் வழியாக பஜ்ஜிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பிறகும் அவரே தேய்த்துக் கொடுத்துவிடுவார். எனக்கென்ன பேஜார்?)

ஆண்டு விழாவில் தனியாக நான்கு வரி வாசிக்க வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட, அந்த வாய்ப்பு என் தலையில் விழுந்தது. அப்பா அதுவரை என் பள்ளிக்கு வந்ததெல்லாம் கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்கத்தான். அந்த மனுஷனை ஒரு தடவையாவது அங்கே நெஞ்சை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அவரும் அரை நாள் லீவு போட்டு, தோல் ஃபேக்டரியில் தன்னோடு வேலை செய்யும் நாலு பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

பழகுவதற்காக வயலினை முதன்முறையாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். விழா அன்று காலை அப்பா பெட்டியைத் திறந்தார். அவர் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலில் வெள்ளையாக எது படிந்தாலும் அவருக்குப் பூஞ்சை. துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். எங்கள் வீட்டில் செருப்பு, பெல்ட், ஸ்கூல் பை எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

“இன்னாமா இது, வில்லு பூரா பூஞ்ச புடிச்சிருக்குது?” என்றார்.

“ஆமாப்பா! சார் கவனிக்கவே இல்ல போல.” (அறிவைப் பாருங்கள்.)

“இது இன்னா முடி?”

“குதிர முடியாம்.”

“அப்ப நம்ம சரக்குதான். குடு இப்டி.”

துணியால் துடைத்து, ஃபேக்டரி எண்ணெயில் இரண்டு கோட்டிங் கொடுத்தார். வில் பளபளத்தது. பெருமை தாங்காமல் பெட்டியை மூடினேன்.

மேடையில் என் முறை வந்தது. வில்லை இழுத்தேன். சத்தமில்லை. அழுத்தி இழுத்தேன். சோப்பு போட்ட தரையில் கால் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணை மூடித் தலையை ஆட்டிப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை.

பக்கத்தில் இருந்த நஸ்ரீன் பரிதாபப்பட்டு, “இந்தா, என்னுத எடுத்துக்கோ” என்று தன் வில்லை நீட்டினாள். என் கம்பியில் ஏற்கெனவே எண்ணெய். அவள் வில்லும் ஒரே இழுப்பில் எண்ணெயைக் குடித்து ஊமையானது. அவள் அதைத் திரும்ப வாங்கித் தன் வயலினில் தேய்க்க, அதுவும் போச்சு. பின்வரிசைப் பெண்களுக்கும் இரக்க சுபாவம் ஜாஸ்தி. ஆக மொத்தம் நாலு வில், மூன்று வயலின் அவுட். கீபோர்டுக்காரி மட்டும் பயந்துபோய் அதே நான்கு வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா செட் விடாமல் கை தட்டியது.

இறங்கியதும் சார் நாலு வில்லையும் தூக்கிப் பிடித்து, “யாரு எண்ணெ போட்டது?” என்று கத்தினார்.

அப்பா மாட்டக் கூடாதென்று, “நான்தான் சார்” என்றேன்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவே வந்துவிட்டார். “அவ இல்ல சார், நான். ரெண்டு கோட்டு. எங்கியாவது பூஞ்ச தெரியுதா பாருங்க.”

சார் பிசின் விஷயத்தை விளக்கினார். அப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. கணக்கு டீச்சர் முன்னால்கூட அப்படி ஆனதில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவரோ வில்லை வாங்கி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, மெதுவாகக் கேட்டார்: “ஆனா ஃபினிஷிங் நல்லாருக்குது இல்ல சார்?”

சார் சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையிலிருந்து என்னைக் கோரஸில் கை தட்ட வைத்தார்.

பல வருடம் கழித்து வாணியம்பாடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். “பொண்ணுக்குப் பாட்டு கீட்டு எதுனா வருமா?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“வயலின் வாசிப்பா. யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது.”