சிரிக்கக் கூடாத நெஞ்சு

"சிரிச்சுடாதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து டிவியை அணைத்தாள் மனைவி.

கிடங்குக் குமாஸ்தாவுக்குப் பிறவியிலேயே மார்பெலும்பு உள்வாங்கி, நெஞ்சில் பெரிய குழி. போன வாரம்தான் உள்ளே ஒரு கம்பியைக் கொடுத்து எலும்பை நிமிர்த்தினார்கள். சிரித்தால் கம்பி நகர்ந்துவிடும், மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொன்னாராம். அவர் மயக்கத்தில் கிடந்ததால் மனைவிதான் கேட்டு வந்து சொன்னாள்.

இது அவருக்குப் பெரிய தண்டனை. மற்றவர்கள் கேலி செய்யுமுன் தானே முந்திக்கொண்டு, "குளிக்கும்போது சோப்பு வைக்க நமக்கு இடம் இருக்கு சார்" என்று ஜோக்கடித்தே காலம் தள்ளியவர். கிடங்கில் யாரும் சிரிக்கமாட்டார்கள். மனைவி சிரிப்பாள். அது போதும் அவருக்கு.

இப்போது வீடு எழவு வீடாகிவிட்டது. பார்க்க வந்த மைத்துனரிடம், "அண்ணா, உம்முன்னு உட்காரு. அவர் சிரிச்சுடப் போறாரு" என்றாள். மைத்துனர் உம்மென்று உட்கார்ந்ததை ஜன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டம்மாள், "ஆள் தேறாது போல" என்று தெருவில் சொல்ல, மறுநாளே மேனேஜர் திராட்சைப் பையோடு வந்து நின்றார்.

குமாஸ்தா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடங்கில் தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. அதில் நெஞ்சை நிமிர்த்தி உட்காரத்தான் இத்தனை பாடும்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மேனேஜர் கலங்கிப்போய்த் தன் திராட்சைப் பை மேலேயே உட்கார்ந்தார். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஐயோ, ரொம்ப வலிக்குதா?"

"இல்ல சார்... சிரிப்பு..."

"இந்த நிலைமையிலயும் என்ன தைரியம்யா உமக்கு!" மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலையைப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க. அந்த சீட்டை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். நிம்மதியா இருங்க."

அழலாம் என்றாலும், அழுதால் கம்பி நகருமா என்று கேட்டுவைக்கவில்லை. பொங்கி வந்த துக்கத்தையும் உள்ளேயே விழுங்கினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். கட்டைப் பிரித்த நர்ஸ், "கம்பி அசையவே இல்ல சார், அருமை" என்றாள்.

"எப்படி அசையும் சிஸ்டர்? டாக்டர் சொன்ன மாதிரி நான் சிரிக்கவே இல்லையே."

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லையே சார். உங்க வீட்டம்மாதான், 'இவர் ஜோக்குக்குச் சிரிக்கிற மாதிரி நடிச்சு நடிச்சு ஓஞ்சு போயிட்டேன் சிஸ்டர், கொஞ்ச நாளைக்காவது இவர் வாயை மூட ஏதாவது வழி சொல்லுங்க'ன்னு என் கையைப் பிடிச்சு அழுதாங்க."