அழித்தவற்றின் பட்டியல்

புது போன் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பது என் உரிமை. அனுமதிப்பது மனைவியின் உரிமை. எங்கள் வீட்டில் அதிகாரப் பங்கீடு இப்படித்தான்.

"போன்ல இடமே இல்ல. உன் தங்கச்சி அனுப்பற குழந்தை வீடியோவைக்கூட திறக்க முடியல," என்றேன். தங்கையை இழுத்தால் காரியம் சுலபத்தில் ஆகும் என்பது என் பன்னிரண்டு வருட அனுபவம்.

"அப்படியா? சாயங்காலம் வந்து பார்க்கறேன். நிஜமாவே நிறைஞ்சிருந்தா வாங்கிடலாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மருந்துக்கடையில் சரக்கு இருப்பு பார்ப்பவள் அவள்.

கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையை அளக்கும் எனக்கு, மதியம்தான் சொந்தக் கண் திறந்தது. போனை அடைத்துக்கொண்டிருந்தது குழந்தை வீடியோ அல்ல. ஒரு கார் பந்தய விளையாட்டு. முழுசாக நாலு ஜி.பி. அதைப் போன வருடமே விட்டுவிட்டதாக அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். மாட்டினால் புது போன் கிடக்கட்டும், இந்த போனே கைக்குத் திரும்பாது. முப்பத்தாறு கட்டம் தாண்டியிருந்தேன். அழுகை வந்தது. அழித்தேன்.

சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு இடம் காலியா இருக்கே?"

அப்போதுதான் உறைத்தது. விளையாட்டோடு என் காரணத்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

"காலையில நிறைஞ்சுதான் இருந்துச்சு."

"அப்ப எதை எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கல. தானா குறைஞ்சிருக்கும்."

"எங்க கடையில தானா குறைஞ்சா அதுக்குப் பேரு திருட்டு. அலமாரியில என்ன இருக்குன்னு நாங்க அப்புறம்தான் பார்ப்போம். எதை எடுத்தாங்கன்னு முதல்ல பார்ப்போம்."

"போன்ல ஏதும்மா எடுத்ததுக்கெல்லாம் பட்டியல்?" என்று அலட்சியமாகக் கேட்டேன்.

இருந்தது. செயலிகளை இறக்கும் ஸ்டோருக்குள் போய் எதையோ தொட்டாள். இப்போது போனில் இல்லாதவை என்று ஒரு பட்டியல் விரிந்தது. என் கையால் போட்டு, என் கையால் எடுத்த அத்தனையும், அளவோடு. எல்லாவற்றுக்கும் மேலே கார் பந்தயம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நல்லவேளை, நீங்களே எடுத்துட்டீங்க. இனி இந்த போன் உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் தாங்கும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புது போன் வந்தது, அவளுக்கு. நிறைந்திருந்தது அவளுடைய போனாம். பெட்டியைப் பிரிக்கும் பாக்கியம் மட்டும் எனக்கு.